சரமழை உவமை ஆண்டாளின் சறுக்கலாம்!

கொள்ளிடத்தான்:
மேலே ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: 'ஆழி மழைக்கண்ணா' பாசுரத்தில் மழைக்கு அம்பை உவமை சொன்னது ஆண்டாளின் சறுக்கலாம். திருப்பாவை நான்காம் பாட்டை முழுசாகப் படித்தீர்களா? மேகம் கடலில் புகுந்து முகந்து, ஆர்த்து ஏறி, ஊழி முதல்வன் உருவம்போல் கறுத்து, திருமால் கையிலுள்ள சக்கரமான ஆழிபோல் மின்னி, வலம்புரிபோல் அதிர்ந்து, கடைசியில் 'சார்ங்கம் உதைத்த சரமழைபோல்', அதாவது திருமாலின் வில் எய்த அம்பு மழைபோல், பெய்ய வேண்டும். கறுப்பு, மின்னல், இடி, அப்புறம் மழை. வானத்தைப் பார்த்தவள் எழுதியது. எங்கே சறுக்கல்?

வெயிலான்:
எழுதியவன் நான்தான். வரிசையைப் பற்றி நான் பேசவே இல்லை. அம்பு கொல்லும், மழை வாழவைக்கும். எப்படிப் பொருந்தும்?

கொள்ளிடத்தான்:
வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு வழி சொல்கிறார் தொல்காப்பியர். இது வினை உவமம், செயலை ஒப்பிடுவது. அம்பு சரசரவென்று விழுகிற வேகம் மட்டும்தான் இங்கே கணக்கு. 'தாழாதே', அதாவது தாமதிக்காமல், என்ற சொல் கண்ணில் படவில்லையா?

வெயிலான்:
பாடத்துக்கு நன்றி, வாத்தியாரே. அம்பு கொல்லுமா, கொல்லாதா?

கொள்ளிடத்தான்:
கொல்லும். அதனால்தான் அடுத்த அடியையே 'வாழ உலகினில் பெய்திடாய்' என்று தொடங்குகிறாள். அம்பின் வேகத்தை வைத்துக்கொண்டு கொலையைக் கழற்றிவிட்டாள். இதுகூடப் புரியாதவர்களுக்கு அணியிலக்கணம் எதற்கு?

தில்லைவாசல்:
திருவெம்பாவை 16ஆம் பாட்டிலும் இதே மழையைத்தான் கூப்பிடுகிறார் மாணிக்கவாசகர். மேகம் அம்மையின் நிறம், மின்னல் அவள் இடை, இடி அவள் சிலம்பு, வானவில் அவள் புருவம், பொழிவது அருள். ஆயுதமே தேவைப்படவில்லை. ஆண்டாளுக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது?

கொள்ளிடத்தான்:
வந்துவிட்டார்! வானவில்லுக்கு அங்கே இருக்கும் சொல் 'சிலை'. அது வில் இல்லாமல் விளக்குமாறா?

தில்லைவாசல்:
வில் உண்டு, அம்பு இல்லை. போன மார்கழியில் இதே கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நன்னூலாள்:
சண்டைக்கு நடுவே ஒன்று. ஆண்டாள் பாட்டில் ழகரம் 11 இடத்தில் உருளுகிறது. அதைப் பேசுங்களேன்.

வெயிலான்:
10தான்.

நன்னூலாள்:
'மகிழ்ந்து' விட்டுப்போச்சு. திரும்ப எண்ணுங்கள்.

வெயிலான்:
அது கிடக்கட்டும். அம்பு கொல்லுமா?

கொள்ளிடத்தான்:
அட, சார்ங்கத்து அம்பு அரக்கரைக் கொன்றது, தேவர்களை வாழவைத்தது. பயனும் பொருந்துகிறதே!

வெயிலான்:
மேலே வினை உவமம், இப்போது பயன் உவமமா? முதலில் ஒன்றில் நில்லுங்கள்.

கொள்ளிடத்தான்:
இரண்டும்தான். உங்களுக்கு ஒன்றுகூட ஏறவில்லை, அதற்கு ஆண்டாள் என்ன செய்வாள்?

தில்லைவாசல்:
என் கேள்விக்கு இந்த மார்கழியிலும் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.