கம்பியை அறுத்த விசைப்பலகையும் நான் முயன்ற மூன்று பேட்டரிகளும்

ஈசூன்வாசி:

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மேசை ஒன்றுதான். மாலையில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், இரவில்தான் என் முறை வரும். சமையலறை மேடையில் கைக்கணினியை நிறுத்தி அங்கேயே தட்டலாம் என்று பார்த்தால், என் விசைப்பலகை கம்பி உள்ளது. தமிழ்99 தட்டச்சு முறையின் எழுத்துகளை ஒட்டி, இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய் என்று பல ஆண்டுகளாக விரல் பழகிய பலகை. 'நாற்பது வெள்ளிக்குக் கம்பியில்லாத ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார் மனைவி. நான் கேட்கவில்லை. இதுவரை செலவான தொகையை அவரிடம் சொல்லவும் இல்லை.

யுஎஸ்பி விசைப்பலகையைப் புளூடூத்துக்கு மாற்றித் தரும் சிறு மின்சுற்றுப் பலகை (மாற்றுப் பலகை) ஒன்றை வாங்கினேன். அதற்குள் விசைப்பலகையின் கம்பி போகும். 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். மிச்சம் பேட்டரிதானே என்று நினைத்தேன். அந்த 'தானே' என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது.

முதலில் கையில் இருந்த பவர் பேங்க்கை விசைப்பலகையின் அடியில் ஒட்டினேன். தட்டும்போது வேலை செய்தது. வாக்கியத்தின் நடுவே யோசிக்க நிறுத்தினால் அணைந்துவிடும். பழுது என்று நினைத்து இன்னொன்றை மாட்டினேன், அதுவும் அப்படியே. மின்சாரம் மிகக் குறைவாகப் போனால், கைபேசியைக் கழற்றிவிட்டார்கள் என்று எண்ணிப் பல பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துகொள்கின்றன. என் விசைப்பலகை அந்த எல்லைக்குக் கீழே வாழும் சாதுவான பிராணி.

அடுத்து, இணையத்தில் '9,900 எம்ஏஎச்' (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்த 18650 உருளை பேட்டரி. விலை மலிவு. 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக்குள் நல்ல நிறுவனங்களே ஏறத்தாழ 3,500 எம்ஏஎச்தான் அடைக்கின்றன என்பதை வாங்கிய பிறகுதான் படித்தேன். சமையலறைத் தராசில் வைத்தேன்: 29 கிராம். உண்மையானது வழக்கமாக 45 கிராமை ஒட்டியிருக்கும். மாவு அளக்கும் தராசு பேட்டரியின் பொய்யைப் பிடித்தது!

அதன்பிறகே செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். யுஎஸ்பி கம்பியின் நடுவே மாட்டும் சிறு மீட்டர் ஒன்றால் மின்னோட்டத்தை அளந்தேன். விசைகளுக்கு அடியில் எரியும் பின்விளக்கு அணைந்திருந்தால் விசைப்பலகையும் மாற்றுப் பலகையும் சேர்ந்து ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர். விளக்கு எரிந்தால் 250.

இனிக் கணக்கு எளிது. 2,000 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 3.7 வோல்ட்டில் சொல்லப்படும் அளவு, அதாவது மொத்த ஆற்றல் 7.4 வாட்-மணி. அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பலகையில் 15 விழுக்காடு வீணாகும் என்று வைத்தால் மிஞ்சுவது 6.3. விளக்கு இல்லாமல் 18 மணி நேரம், விளக்கோடு 5 மணி நேரம். பேட்டரியை இரட்டிப்பதைவிட விளக்கை அணைப்பது மலிவு. கண்ணை மூடிக்கொண்டும் தட்டுகிறவனுக்கு விளக்கு எதற்கு?

மூன்றாவது பேட்டரியைத் தேடிச் சிம் லிம் டவருக்குப் போனேன். கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேர் அல்ல, உதிரிபாகம் விற்கும் பக்கத்துக் கட்டடம். கடைக்காரப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, 'உள்ளே எவ்வளவு இடம்?' பதில் இல்லாமல் திரும்பி வந்தேன். அன்றிரவு சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையை நெகிழித்தாளில் சுற்றி, விசைப்பலகைக்குள் வைத்து மூடியைத் திருகினேன். பிறகு திறந்து, நசுங்கிய மாவை அளந்தால் 7.5 மில்லிமீட்டர். மறுநாள் வாங்கியது 605060 என்ற எண் போட்ட, 2,000 எம்ஏஎச் தட்டைப் பேட்டரி. அந்த எண்ணே அளவுதான்: 6 மில்லிமீட்டர் தடிமன், 50 அகலம், 60 நீளம். மிச்சம் 1.5 மில்லிமீட்டரை வேண்டுமென்றே விட்டேன். இவை வயதானால் சற்றுப் பருக்கும். மஞ்சள் நாடாவின் கீழே சிறு பாதுகாப்பு மின்சுற்று இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது.

இப்போது வாரம் ஒருமுறை மின்னேற்றுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பொங்கோல் தம்பி:

அண்ணன் சொன்ன அந்த 1.5 மில்லிமீட்டரை நான் விடவில்லை. 500 எம்ஏஎச் பேட்டரியை இடைவெளிப் பட்டையின் (ஸ்பேஸ் பார்) நேர் கீழே திணித்தேன். இரண்டு மாதத்தில் பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அழுத்தினால் இறங்கும், மேலே வராது. திறந்து பார்த்தால் பேட்டரி குட்டித் தலையணை மாதிரி இருந்தது.

காரணம் இடம் மட்டுமன்று. டிபி4056 என்ற மலிவான மின்னேற்றப் பலகையைப் பயன்படுத்தியிருந்தேன். அது வரும்போதே 1 ஆம்பியரில் ஏற்றும்படி அமைந்திருக்கும். உங்கள் 2,000 எம்ஏஎச்சுக்கு அது பொருத்தம். என் 500 எம்ஏஎச்சுக்கு அது அளவுக்கு மீறிய வேகம். அந்தப் பலகையில் '122' என்று பொடி எழுத்தில் அச்சிட்ட மின்தடை ஒன்று இருக்கும், அதாவது 1.2 கிலோ ஓம். அதை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் ஏற்றம் 250 மில்லி ஆம்பியராக இறங்கும். கொள்ளளவில் பாதி என்பது நிதானமான வேகம். இரண்டாம் பேட்டரி ஓராண்டாகத் தட்டையாகவே இருக்கிறது.

உட்லண்ட்ஸ் இரவுப்பறவை:

யுஎஸ்பி வழியை விட்டுவிட்டு மூளையையே மாற்றியவன் நான். பழைய கட்டுப்பாட்டுச் சில்லைக் கழற்றி, புளூடூத் வசதியுள்ள என்ஆர்எஃப்52840 சில்லு கொண்ட சிறு பலகையை வைத்து, விசைப்பலகைகளுக்கான இசட்எம்கே மென்பொருளை ஏற்றினேன். அது லித்தியம் பேட்டரியில் நேராக ஓடும், 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் வேலையே இல்லை. விசை தட்டாத நேரத்தில் தூங்கிவிடும். 500 எம்ஏஎச் எனக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் வருகிறது.

ஆனால் முழு அளவு 104 விசைப் பலகைக்கு இது ஒத்துவராது. சிறு பலகையில் கம்பி இணைக்கும் கால்கள் இருபது சொச்சம்தான். என்னுடையதில் விசைகள் 5 வரிசை, 14 நிரல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி, ஆக 19 கம்பிகள், நூலிழையில் தப்பித்தேன். இரண்டு வார இறுதிகள் பற்றவைத்து முதுகு வலித்தது தனிக்கதை.

துவாஸ் பெரியவர்:

கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு மின்வேலை பார்த்தவன். நீங்கள் எல்லோரும் லித்தியத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பேரப்பிள்ளைகள் கீழே போடும் வீட்டில் அது எனக்குச் சரிப்படவில்லை. இரண்டு ஏஏ நிக்கல் பேட்டரிகள், மின்னேற்றக்கூடியவை, 2,000 எம்ஏஎச். இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட், 4.8 வாட்-மணி. உயர்த்தும் பலகை ஐந்தில் ஒன்றைத் தின்னும். தம்பி ஈசூன்வாசியின் 70 மில்லி ஆம்பியருக்குப் பதினொரு மணி நேரம் வரும். குறைவுதான். ஆனால் தீர்ந்தால் மாற்றுவது அரை நிமிடம், உப்புவதில்லை. பின்பக்கம் சற்று உயரும்; மணிக்கட்டுக்கு அதுவும் நல்லதாகவே இருக்கிறது.

பிடோக் வாசகி:

அண்ணன், நானும் 605060தான் வாங்கினேன். மாட்டியதும் மீன் கருகிய மாதிரி ஒரு வாடை, மாற்றுப் பலகை போய்விட்டது. கம்பி சிவப்பும் கறுப்பும் சரியாகத்தானே இருந்தன? பிறகு, இதையே எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் திருச்சிக்கு விமானத்தில் போகலாமா?

ஈசூன்வாசி:

தங்கை, கம்பியின் நிறத்தை நம்பினீர்கள், அங்கேதான் வினை. பேட்டரிக் கம்பியின் நுனியில் உள்ள அந்த வெள்ளை இரட்டைக்கால் செருகியில் எந்தப் பக்கம் நேர்முனை என்பதற்குப் பொது விதி கிடையாது. பேட்டரிக்காரர் ஒரு பக்கம் வைப்பார், பலகைக்காரர் மறுபக்கம் வைப்பார். செருகும் முன் மல்டிமீட்டரில் பார்த்து, பலகையில் உள்ள கூட்டல் குறியோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் செருகியின் சாளரத்தில் தெரியும் சிறு நாக்கை ஊசி முனையால் அழுத்தினால் கம்பி வெளியே வரும். முதல் கம்பியை நாடாவில் சுற்றிய பிறகே அடுத்ததை எடுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டால் பொறி பறக்கும்.

விமானத்துக்கு 7.4 வாட்-மணி பிரச்சினையில்லை, வழக்கமான எல்லை 100. விசைப்பலகையைக் கைப்பையில் வையுங்கள். தனி பேட்டரி உதிரியாக இருந்தால் அதுவும் கைப்பையில்தான், முனைகளில் நாடா ஒட்டி.

பொங்கோல் தம்பி, அந்தத் தலையணையைக் குப்பைக் குழாயில் போட்டுவிடவில்லையே? 2021இலிருந்து தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் திட்டத்தில் மின்கழிவுத் தொட்டிகள் பல இடங்களில் இருக்கின்றன. ஆனால் உப்பியதை அப்படியே தொட்டியில் போடாமல், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பொங்கோல் தம்பி:

இல்லை அண்ணன். மணல் நிரப்பிய மைலோ டின்னில் மாடத்தில் இருக்கிறது. நாளை அழைத்துக் கேட்கிறேன்.