பெரு போறோம், மச்சு பிச்சு மட்டும் பார்த்துட்டு வர மனசில்ல, இன்கா ஊருங்களை எப்படி பார்க்கிறது?

மலைக்காத்து கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற மே மாசம் நானும் வீட்டுக்காரரும் பெரு போறோம். லிமாவுல இறங்கி அங்கிருந்து குஸ்கோ ஃப்ளைட், இன்கா பகுதிக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு மேலேயே ஒதுக்கி வச்சிருக்கோம். ஏஜென்ட் கொடுத்த பிளான்ல இறங்கின மறுநாளே ரெயின்போ மவுண்டன், அடுத்து மச்சு பிச்சு, மீதி நாளெல்லாம் குஸ்கோவுல ஷாப்பிங்னு போட்டிருக்காங்க, எனக்கு அதுல சுத்தமா இஷ்டமில்ல. சின்ன வயசுலேர்ந்தே இன்கா கதைன்னா உயிர், அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு கொஞ்சமாவது புரியணும்னு ஆசை. எழுத்தே இல்லாத ஜனங்களைப் பத்தி இவ்வளவு விஷயம் எப்படி தெரிஞ்சுது, அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தை கொஞ்சூண்டு ஸ்பானிஷ்காரங்க எப்படி கவுத்தாங்கன்னு இன்னமும் எனக்கு விளங்கல. வீட்டுக்காரர் வேற ஏதோ வீடியோ பார்த்துட்டு அந்த கல்லையெல்லாம் மனுஷன் செதுக்கியிருக்கவே முடியாதுங்கிறார். போய் வந்தவங்க வரிசை சொல்லுங்க, உயரம் ஒத்துக்குமாங்கிறதையும் சொல்லுங்க ப்ளீஸ்.

ஆண்டீஸ்பித்தன்:

முதல்ல அந்த ரெயின்போ மவுண்டனை இறங்கின மறுநாள்லேர்ந்து தூக்குங்க. அது 5,000 மீட்டருக்கு மேல. குஸ்கோவே கிட்டத்தட்ட 3,400 மீட்டர், லிமா கடற்கரை ஊரு, ஒன்றரை மணி நேரத்துல அங்கிருந்து இங்க வந்து இறங்கினா தலைவலி, மூச்சு வாங்கறது, ராத்திரி தூக்கம் வராம புரளறது எல்லாம் சகஜம். ஏர்போர்ட்டை விட்டு வந்ததும் குஸ்கோவுல ரூம் போடாம வண்டி பிடிச்சு நேரா புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிடுங்க, அங்க இருக்கிற ஒயன்டைடம்போங்கிற ஊர் சுமார் 2,800 மீட்டர்தான், அங்க உடம்பு பழகினப்புறம் மச்சு பிச்சு (அது இன்னும் கீழ, 2,430), கடைசியா குஸ்கோ. மாத்திரை வேணுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, அங்க எல்லா ஹோட்டல்லயும் கோகா இலை டீ வச்சிருப்பாங்க, அதையும் குடிங்க, ஆனா முதல் நாள் ஓய்வுக்கு ஈடா எதுவும் கிடையாது.

ஒயன்டைடம்போவை நிறைய பேர் ரயில் ஏறுற ஸ்டேஷனா மட்டும் பார்த்துட்டு போயிடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். இன்கா போட்ட தெரு அதே நேர்க்கோட்டுல இருக்கு, ஓரத்துல அவங்க வெட்டின வாய்க்கால்ல இன்னிக்கும் தண்ணி ஓடுது, அடிச்சுவர் இன்கா கல்லு, அதுக்கு மேல மண்செங்கல் வீடு, உள்ள குடும்பம் குடியிருக்கு. இன்கா காலத்து ஊர் எப்படி இருந்திருக்கும்னு கேட்டா நான் மச்சு பிச்சுவை விட இதைத்தான் காட்டுவேன்.

ஊருக்கு மேல மலையில இருக்கிற கோயில்ல ஆறு பெரிய கல்லு வரிசையா நிக்கும், லேசா ரோஸ் கலர், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கல்லுப் பட்டை சொருகியிருக்கும். உங்க வீட்டுக்காரரை அங்க நிக்க வச்சு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலைச்சரிவை காட்டுங்க. கல்லு வந்தது அங்கிருந்துதான். சரிவுல இறக்கி, உருபாம்பா ஆத்தைக் கடத்தி, இந்தப் பக்கம் சாய்தளம் போட்டு மேல இழுத்திருக்காங்க. வந்து சேராம பாதி வழியிலேயே கிடக்கிற கல்லுங்களும் இன்னும் அப்படியே கிடக்கு. குவாரியில வெட்டின அடையாளம் இருக்கு, அடிச்சு செதுக்கப் பயன்பட்ட கெட்டியான உருண்டைக் கல்லுங்களும் கிடைச்சிருக்கு, அதே மாதிரி கல்லை வச்சு ஆராய்ச்சியாளர்கள் செதுக்கியும் காட்டிட்டாங்க. குஸ்கோவுக்கு மேல இருக்கிற சக்சாய்வமான் கோட்டைக்கு போனா சுவரை கிட்டப் போய் பாருங்க, முகமெல்லாம் அம்மைத்தழும்பு மாதிரி சின்னச் சின்ன குழி, விளிம்பு நெருங்க நெருங்க குழி இன்னும் பொடியாகும், ஏன்னா ஓரத்துக்கு சின்ன சுத்தியல் கல்லு வச்சு தட்டியிருக்காங்க. இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, ஆயிரக்கணக்கான பேர் முறை வச்சு வந்து செஞ்ச உழைப்பு. அதைப் போய் மனுஷன் செய்யலன்னு சொல்றது அந்த ஜனங்களுக்கு செய்யற அநியாயம்.

முடிச்சுக்கயிறு:

வரலாறு கேள்விக்கு நான் வரேன், இதுல எனக்கு சொல்ல நிறைய இருக்கு.

எழுத்து இல்லதான், ஆனா கிப்புன்னு முடிச்சு போட்ட கயிறு வச்சு கணக்கு வச்சிருந்தாங்க, முடிச்சோட வகையும் அது இருக்கிற இடமும் ஒண்ணு, பத்து, நூறுன்னு காட்டும். எந்த ஊர்ல எத்தனை பேர், கிடங்குல எவ்வளவு சோளம்னு எல்லாமே கயிறுல. அதுக்குன்னே பயிற்சி எடுத்த ஆளுங்க இருந்தாங்க. கதைகளைப் பொறுத்தவரை, ஜெயிச்ச ஸ்பானிஷ்காரங்க எழுதினது ஒரு பக்கம், அந்த மண்ணுல பிறந்தவங்க எழுதினது இன்னொரு பக்கம். 1539ல குஸ்கோவுல பிறந்த கார்சிலாசோவோட அப்பா ஸ்பானிஷ் கேப்டன், அம்மா இன்கா அரச வம்சம், அம்மா வழி சொந்தக்காரங்ககிட்ட கேட்டதையெல்லாம் எழுதி வச்சுட்டு போனார். குவாமன் போமாங்கிறவர் ஸ்பெயின் ராஜாவுக்கு எழுதின நீளமான கடுதாசியில நூத்துக்கணக்கான படம் வரைஞ்சிருக்கார், உழவு, அறுவடை, ஓடிப்போய் சேதி சொல்றவன், கிப்பு பிடிச்சு நிக்கிற கணக்குப்பிள்ளைன்னு. அது 1908ல கோபன்ஹேகன் நூலகத்துல கிடைச்சுது.

அடுத்தது, கொஞ்சூண்டு பேர் கவுத்தாங்கங்கிற கதை. அது பாதிக் கதைதான். ராஜ்ஜியத்தை விரிச்ச இன்கா ராஜா பச்சகூட்டி பட்டத்துக்கு வந்தது 1438ன்னு சொல்றாங்க, ஸ்பானிஷ்காரங்க வந்தப்போ பேரரசா விரிஞ்சு நூறு வருஷம்கூட ஆகல, புதுசா பிடிச்ச நாட்டு ஜனங்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள கோபம் இருந்துச்சு. ஸ்பானிஷ் படைத்தலைவர் பிசாரோ வர்றதுக்கு முன்னாடியே கொள்ளைநோய் பரவி, வைனா கபாக் ராஜா அதுலதான் செத்திருப்பார்னு பெரும்பாலானவங்க நினைக்கிறாங்க, அப்புறம் பட்டத்துக்கு அவர் பிள்ளைங்க வாஸ்கரும் அதாவல்பாவும் அடிச்சுக்கிட்டாங்க. அந்த அண்ணன் தம்பி சண்டை முடியற நேரம் பார்த்து, 1532 நவம்பர் 16, கஹாமார்க்காவுல 168 பேரோட பிசாரோ அதாவல்பாவை பிடிச்சார். ரூம் நிறைய தங்கமும் வெள்ளியும் வாங்கிட்டு அடுத்த வருஷம் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறமும் அந்த 168 பேர் தனியா ஜெயிக்கல, கன்யாரி, வாங்கா மாதிரி இன்காவை வெறுத்த ஜனங்க படையும் சோறும் கொடுத்து கூட நின்னாங்க. அப்பவும் இன்கா அடங்கல. 1536ல மாங்கோ இன்காங்கிற ராஜா, ஸ்பானிஷ்காரங்க கையில இருந்த இன்கா தலைநகர் குஸ்கோவையே முற்றுகை போட்டார், சக்சாய்வமான்ல பயங்கர சண்டை. மேல நண்பர் சொன்ன ஒயன்டைடம்போவுலதான் மறுவருஷம் பிசாரோவோட தம்பி எர்னாண்டோ பிசாரோ படையை விரட்டினாங்க, வாய்க்கால் தண்ணியை திருப்பி கீழ சமவெளியை சேறாக்கி குதிரை நகர முடியாம பண்ணதா சொல்றாங்க. அங்கிருந்து காட்டுக்குள்ள வில்கபாம்பா போய் 1572 வரைக்கும் தனி ராஜ்ஜியம் நடத்தினாங்க. கடைசி ராஜா துபாக் அமாருவை குஸ்கோ பெரிய சதுக்கத்துல தலையை வெட்டினாங்க. நீங்க காபி குடிக்கப் போற அதே சதுக்கம், அங்க நிக்கும்போது இது ஞாபகத்துல இருக்கட்டும்.

குஸ்கோவுல கொரிகாஞ்சாவை விட்டுடாதீங்க. இன்காவோட அந்த சூரியன் கோயிலை இடிச்சு மேல சான்டோ டொமிங்கோ மடத்தை கட்டினாங்க, 1950 பூகம்பத்துல மடம் பலமா அடிவாங்குச்சு, இன்கா சுவர் அசையாம நின்னுச்சு. அந்த வளைஞ்ச கருப்புச் சுவரை வெளியில ரோட்டுலேர்ந்தே பார்க்கலாம்.

பனிச்சிகரம்:

மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா மச்சு பிச்சுவை ரொம்ப குறைச்சுப் பேசற மாதிரி இருக்கு, அதை நான் ஒத்துக்க மாட்டேன். வெறும் போட்டோ பாயின்ட்னு நினைச்சு போனா அப்படித்தான் தெரியும். அங்க ஊத்துத் தண்ணி ஒரு வாய்க்கால் வழியா வந்து பதினாறு தொட்டியில ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா இறங்குது, மொட்டை மாடி மாதிரி தெரியற ஒவ்வொரு படிவயலுக்கும் அடியில பெரிய கல்லு, மேல சின்ன கல்லு, அப்புறம் மண்ணுன்னு அடுக்கியிருக்காங்க, அவ்வளவு மழையிலயும் சரியாம நிக்கறதுக்கு அதான் காரணம். கைடுகிட்ட தண்ணியைப் பத்தி கேளுங்க, கதையே மாறும். அப்புறம் 1911ல அமெரிக்கர் பிங்கம் "கண்டுபிடிச்சார்"னு சொல்வாங்க, அவர் போனப்போ அங்க விவசாயிங்க அந்தப் படிவயல்லயே பயிர் வச்சு குடியிருந்தாங்க. அவர் அமெரிக்காவுக்கு கொண்டு போன பொருளெல்லாம் நூறு வருஷம் கழிச்சுதான் யேல் யுனிவர்சிட்டியிலேர்ந்து திரும்பி வந்துச்சு, குஸ்கோவுல மியூசியத்துல இருக்கு, போய் பாருங்க.

டிக்கெட் விஷயம்: எந்த சர்க்யூட் (உள்ள சுத்திப் பார்க்கிற பாதை), எந்த நேரம்னு குறிச்சுதான் கொடுப்பாங்க, வெளிய வந்தா மறுபடி உள்ள விட மாட்டாங்க. மே மாசம் மழை இல்லாத சீசன், கூட்டம் வரும், இப்பவே வாங்குங்க. நடக்க ஆசைன்னா மச்சு பிச்சுவுக்கு போற பழைய இன்கா பாதை, அதான் இன்கா டிரெய்ல், சுமார் 43 கிலோமீட்டர், நாலு நாள், நடுவுல 4,215 மீட்டர்ல ஒரு கணவாய் ஏறணும். சுமை தூக்கறவங்க, கைடு எல்லாரும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான், லைசென்ஸ் இருக்கிற ஏஜென்சி மூலமாதான் போக முடியும். நேரம் இல்லன்னா 104வது கிலோமீட்டர்ல ரயிலை விட்டு இறங்கி ஒரே நாள்ல நடக்கிற வழி இருக்கு, வீன்யாய் வைனாங்கிற இன்கா இடிபாடு வழியா சூரிய வாசலுக்கு வந்து மச்சு பிச்சுவை மேலேர்ந்து பார்க்கலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

மலைக்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வீட்டுக்காரரும் கூட உக்காந்து படிச்சார், குவாரி பார்க்கணும்னு இப்போ அவரே சொல்றார். பள்ளத்தாக்கு, அப்புறம் அந்த ஒரு நாள் நடை, கடைசியா குஸ்கோன்னு மாத்திட்டேன். இன்னும் ரெண்டு நாள் கையில இருக்கு, அதுக்கு என்ன பண்ணலாம்? டூரிஸ்ட் டிக்கெட்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வாங்கணுமா?

முடிச்சுக்கயிறு:

வாங்குங்க. 130 சோல் (பெரு பணம்), பத்து நாள் செல்லும், சக்சாய்வமான், பிசாக், ஒயன்டைடம்போ, மோராய், சின்செரோ எல்லாம் அதுல அடங்கும். மச்சு பிச்சு, கொரிகாஞ்சா, மாராஸ் உப்பளம் இதெல்லாம் தனி.

ரெண்டு நாள்ல ஒண்ணை குஸ்கோவுக்கு தெக்கால வச்சுக்கோங்க. திப்போன்ல இன்கா வாய்க்கால், பிகியாக்டாவுல இன்காவுக்கும் முன்னாடி இருந்த வாரி ஜனங்க கட்டின ஊர், ரெண்டுக்கும் அதே டிக்கெட் போதும், கூட்டமும் கம்மி. தேதியை ஜூனுக்கு தள்ள முடியும்னா அதே ரோட்டுல இன்னும் உள்ள போய் கெஸ்வாசாகா பாலத்தை பாருங்க. அபுரிமாக் ஆத்து மேல புல்லை முறுக்கி கயிறாக்கி கட்டற பாலம், வருஷா வருஷம் ஜூன்ல பழசை அறுத்து விட்டுட்டு சுத்து கிராமத்து ஜனங்க சேர்ந்து புதுசா கட்டுவாங்க. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கு கயிறை திரிச்சு கொண்டு வரும், அதையெல்லாம் சேர்த்து முறுக்கி தொடை மொத்தத்துக்கு வடம் பண்ணி ரெண்டு கரைக்கும் இழுத்து கட்டுவாங்க. கொரோனா சமயத்துல ஒரு வருஷம் கட்ட முடியாம போச்சு, 2021 மார்ச்ல பாலம் அறுந்து விழுந்துச்சு, அந்த ஜூன்லயே திரும்ப கட்டிட்டாங்க. மே மாசமே போனாலும் போன வருஷம் கட்டின பாலம் இருக்கும், கொஞ்சம் தொங்கியிருக்கும், ஏறலாமான்னு அங்க இருக்கிற ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு ஏறுங்க. குஸ்கோவுலேர்ந்து போக மூணு நாலு மணி நேரம் ஆகும், விடியக்காலையிலயே கிளம்பிடுங்க.