ஃப்யூசிங் ஒட்டி அப்ளிக் தைக்கும்போ ஊசியில பசை பிடிக்குது, என்ன செய்ய?

தக்கலை தையல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வெப்ராளத்துல எழுதுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க. எங்க கோயிலுக்கு கிறிஸ்மஸுக்கு முன்ன வாற திருவருகைக் காலத்துக்கு ஊதா சாட்டின்ல பீடத்துணி தச்சுத் தாறேன்னு சிஸ்டர்ட்ட வாய் விட்டாச்சு. அதுல நாலு மெழுகுதிரி அப்ளிக் (துணியில உருவம் வெட்டி மேல வச்சு தைக்கது), மூணு வெளுத்த ஊதா, ஒண்ணு ரோஸ், மேல மஞ்சள்ல தீ. பேப்பர் ஒட்டுன ஃப்யூசிங்க (சூடு பட்டா துணியில ஒட்டுற பசை) துணிக்கு அடியில வச்சு தேச்சு, வெட்டி, பேப்பர உரிச்சு சாட்டின் மேல வச்சு மறுபடி தேச்சேன், அதுவரைக்கும் ஒரு குத்தமும் இல்ல. சிக்ஜாக்ல ஓரம் அடிக்க உக்காந்தேன் பாருங்க, ஒரு சாண் போகல, டக்கு டக்குன்னு சத்தம், தையல் விட்டு விட்டு விழுது, நூலு பஞ்சு பஞ்சா பிரிஞ்சு அறுந்து போச்சு. ஊசிய தொட்டா சக்கப் பால் மாதிரி ஒட்டுது! ஊசி மாத்துனேன், அதுலயும் அப்பிடித்தான். மெஷின் பழைய கறுப்பு மெஷின் இல்ல, வீட்டு சிக்ஜாக் மெஷின், மோட்டார் உண்டு. மெஷின் கெட்டுப் போச்சா, இல்ல எனக்க கை தான் சரியில்லியா?

மார்த்தாண்டம் மயினி:
சக்கப் பால்னு நீங்களே சொல்லிட்டீங்களே. சக்க வெட்டும்போ கையிலயும் கத்தியிலயும் தேங்காயெண்ண தடவுவோம்லா, அதே மாதிரி ஊசியில ஒரு சொட்டு தடவி தைங்க, ஒட்டாது. நான் பர்தாவுக்கு பட்டன் வைக்கும்போ அப்பிடித்தான் செய்யேன்.

வடசேரி அக்கா:
மயினி கோவிக்காதீங்க, சாட்டின்ல தேங்காயெண்ண பட்டா போச்சு, பீடத்துணியில எண்ணெக் கறையோட மெழுகுதிரி நிக்கும். அத மட்டும் செய்யாதீங்க பிள்ளேய்.

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, என்ன ஃப்யூசிங்? தைக்காமலே ஒட்டிக்கிடுதுன்னு வாறது ஒண்ணு உண்டு, தச்சு முடிக்கதுக்குன்னு வாறது வேற ஒண்ணு உண்டு. மொதல்ல சொன்னதுல பசை கனமா இருக்கும், ஊசி அதுக்குள்ள போனா கண்ணு வரைக்கும் பசைய இழுத்துட்டு வரும். ஹீட் அண்ட் பாண்டுன்னு வாற கம்பெனி ஃப்யூசிங்ல பாத்தியள்னா அல்ட்ரான்னு போட்டது தைக்கதுக்கு இல்ல, லைட்டுன்னு போட்டதத் தான் தைக்கணும். ரெண்டையும் கையில வச்சுப் பாத்தா ஒரே மாதிரி பேப்பர், கடைக்காரன் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ரோல்ல வெட்டித் தந்ததுன்னா அதுதான் உங்க கேஸ்.

அடுத்தது, தேச்ச உடனே தைக்க உக்காந்தியளா? சூடு முழுசா ஆறணும். ஆறாத பசை நெகிழ்ந்து கெடக்கும், அதுக்குள்ள ஊசி போனா பின்ன என்ன ஆவும்.

தக்கலை தையல்காரி:
அக்கா ரெண்டும் நான் தான். மீட்டர் கணக்குல ரோல்ல வெட்டித் தந்தாங்க, பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. கையில தொட்டா நல்ல மொடமொடன்னு கனமா இருக்கு. தேச்ச கையோட தான் தச்சேன், சூடு கூட போகல. இன்னொண்ணு, சாட்டின் சுருங்கிருமோன்னு பயந்து இஸ்திரிப் பெட்டிய ரொம்ப கொறச்சு வச்சேன். ராத்திரி கரண்டு வேற டிம்மா இருந்துது.

வடசேரி அக்கா:
அங்கன தான் மூணாவது தப்பும். சூடு பத்தலன்னா பசை துணியோட இழைக்குள்ள எறங்காது, மேல மேலயே நிக்கும், ஊசிக்கு அது லேசா கிடைக்கும். சாட்டினுக்கு பட்டர் பேப்பர மேல விரிச்சு, பெட்டிய இழுக்காம அமுக்கி அமுக்கி எடுங்க. எத்தன செகண்டு, எவ்வளவு சூடுன்னு பாக்கெட்டுல போட்டிருக்கும், அத விட்டு நம்ம இஷ்டத்துக்கு போவப்படாது. வெட்டு துண்டுல ஒருக்கா பாத்துட்டு மெயின் துணிக்கு வாங்க. பைசா செலவில்லாத வேலை, ஆனா நம்மள்ல ஒருத்தரும் செய்யமாட்டோம், நானும் தான்.

குளச்சல்காரன்:
நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில லைன்ல இருந்தவன், இப்ப ஊர்ல மெஷின் ரிப்பேர் பாக்கேன். மெஷினுக்கு ஒண்ணும் ஆவல. ஊசி வேகமா ஓடுனா துணியில உரசி சூடாவும், பெரிய மெஷின்ல 200 டிகிரிய தாண்டும், அதுக்காகவே அங்க ஊசிக்கு காத்தடிக்க குழாய் வைப்பாங்க, நூலுக்கு சிலிக்கான் எண்ணெ விடுவாங்க. வீட்டு மெஷின் அவ்வளவு சூடாவாது, ஆனா மோட்டார்ல ஃபுல்லா மிதிச்சு பசையில அடிச்சா போதும், பசை உருகி ஊசியில பிடிச்சுக்கிடும். பைய மிதிங்க. நாலு இஞ்சு அடிச்சு செத்த நேரம் நிறுத்துங்க.

ஊசி 11ஆம் நம்பர் போட்டிருந்தா 14ஆம் நம்பர் போடுங்க. கண்ணு பெருசு, துளையும் கொஞ்சம் பெருசா விழும், நூலு பசையில உரசாம போவும். சாட்டினுக்கு 16 வேண்டாம், ஓட்ட தெரியும். பசை ஒட்டாம இருக்க மேல பூச்சு போட்டே நான்ஸ்டிக்னு ஊசி வருது, ஷ்மெட்ஸ் கம்பெனியில உண்டு, ஆன்லைன்ல கிடைக்கும்.

மயினி சொன்னதும் முழுசா தப்பில்ல கேட்டியளா, எண்ணெ தான் வேற. தையலுக்குன்னு விக்க சிலிக்கான நூல் கண்டு மேல ஒரு கோடு விட்டா போதும். அதையும் மொதல்ல வெட்டு துண்டுல பாருங்க.

ஒட்டுன பசைய எடுக்க, பிளக்க கழட்டிட்டு ஊசியவும் கழட்டி, பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டு தொடைங்க, இல்லன்னா கையில போடுற சானிடைசரே போதும். நெயில் பாலிஷ் ரிமூவர மெஷின் பக்கமே கொண்டு போவாதீங்க, பிளாஸ்டிக்க தின்னுரும். பாபின் கேஸ கழட்டி, அதச் சுத்தி நூலப் பிடிக்க ஹுக்கையும் பாருங்க, பசையும் பஞ்சும் சேந்து அங்க உருண்டு கெடக்கும், ஊசி மாத்துன பெறவும் தையல் விட்டது அதனாலயா இருக்கும்.

மார்த்தாண்டம் மயினி:
பாத்தியளா, முழுசா தப்பில்லன்னு ரிப்பேர்காரரே சொல்லிட்டாரு 😄

வடசேரி அக்கா:
ஒண்ணு விட்டுப்போச்சு. மெழுகுதிரி மேல தீ ஏறி உக்காருற எடத்துல ரெண்டு பசை அடுக்கு வரும், ஊசிக்கு அங்க தான் இரட்டிப்பு கஷ்டம். ஒட்டதுக்கு முன்னயே தீக்கு அடியில வாற மெழுகுதிரித் துணிய வெட்டி எடுத்துருங்க, கால் இஞ்சு மட்டும் உள்ள விட்டா போதும். அதுபோல பெரிய உருவம்னா ஃப்யூசிங்கோட நடுப்பகுதிய ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்துட்டு ஓரத்துல மட்டும் பசை விட்டா துணி விறைக்காது, பீடத்துல நல்லா விழும்.

தக்கலை தையல்காரி:
ஹுக்குக்குள்ள பாத்தேன், குளச்சல் அண்ணன் சொன்னது சரி, பட்டாணி அளவு உருண்டை! தொடச்சு, 14 போட்டு, தங்கச்சிட்ட இருந்த லைட் ஃப்யூசிங் துண்டுல ஒரு தீ ஒட்டி, ராத்திரி முழுக்க ஆற விட்டு காலத்த தச்சேன். ஒரு சாண் இல்ல, சுத்தி முழுசும் போச்சு, ஊசி கொஞ்சம் மங்குச்சு, நூல் அறல.

இனி பிரச்சன மொத மெழுகுதிரி. அத சூடு காட்டி உரிச்சுட்டேன், சாட்டின்ல பசைத் தடம் நிக்குது. அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் பெருசா ஒரு மெழுகுதிரிய ஒட்டி மறைச்சா சிஸ்டர் கண்டுபிடிப்பாங்களா?

வடசேரி அக்கா:
நாலையும் பெருசாக்கிருங்க, ஒருத்தருக்கும் தெரியாது.