முதல் சான்றிதழ்ச் சுழற்சி முடியப் பத்து மாதங்கள்: மீதமுள்ள தொடர்கல்வி அலகுகளை எப்படித் திட்டமிடுவது?

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பி.சி.பி.ஏ. தேர்வில் தேறி, சான்றுபெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளராக நான் பணிபுரியத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு ஆண்டுச் சுழற்சிக்குள் 32 தொடர்கல்வி அலகுகள் வேண்டும் என்பதை அறிந்திருந்தும், இதுவரை 7 அலகுகளைத்தான் சேர்த்திருக்கிறேன். அவை அனைத்தும் பேச்சு வராத சிறுவர்களுக்குக் கோரிக்கை விடுக்கக் கற்பிப்பதைப் பற்றிய, பதிவு செய்யப்பட்ட உரைகளைப் பார்த்துப் பெற்றவை. நெறிமுறை சார்ந்த அலகு ஒன்றுகூட என் கணக்கில் இல்லை.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, மேற்பார்வை சார்ந்த 3 அலகுகளைப் பற்றியது. இப்போது என் பொறுப்பில் பயிற்சியாளர் எவரும் இல்லை. ஆனால் வரும் மாதங்களில் இரண்டு ஆர்.பி.டி. பணியாளர்களை (குழந்தைகளோடு நேரடியாகப் பணிபுரியும், பதிவுபெற்ற நடத்தை நுட்பப் பணியாளர்களை) மேற்பார்வை செய்யும்படி எங்கள் மையத்தில் கேட்பார்கள் என்று தெரிகிறது. அப்படியானால் அந்த 3 அலகுகள் எனக்கும் கட்டாயமா? இரண்டாவது, சென்ற மாதம் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் நடத்திய ஒரு முழுநாள் பயிலரங்கில் கலந்துகொண்டேன். உணவு உண்ண மறுக்கும் குழந்தைகளைப் பற்றிய அந்தப் பயிலரங்கு, இந்த ஓராண்டில் நான் கற்றவற்றுள் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க முடியுமா?

மூன்றாவதை ஐயம் என்பதைவிட மனக்குறை என்றே சொல்லலாம். உரையைப் பார்த்து, இடையில் வரும் வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழைப் பதிவிறக்கிக்கொண்ட பிறகு, மறுவாரம் நான் குழந்தையுடன் பணிபுரியும் விதத்தில் எந்த மாற்றமும் இருப்பதில்லை. மீதமுள்ள 25 அலகுகளையாவது பயன்தரும் வகையில் செலவிட விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


வரைபடம் எழுதியது:

வணக்கம். விதிகள் குறித்துக் கேட்டவற்றுக்கு முதலில் விடையளிக்கிறேன்.

நமக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் கணக்கில் 50 நிமிடங்கள் ஓர் அலகு. எனவே 32 அலகுகள் என்பது 1,600 நிமிடங்கள், அதாவது 26 மணி 40 நிமிடங்கள்தான். உங்களுக்கு மீதமிருப்பது 21 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் இரண்டரை அலகுகள் வரும், அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. இந்த 32-க்குள்ளேயே நெறிமுறைக்கு 4 அலகுகளும், மேற்பார்வை செய்பவராக இருந்தால் மேற்பார்வைக்கு 3 அலகுகளும் அடங்கிவிட வேண்டும். அவை 32-க்கு மேல் கூடுதலாக வேண்டியவை அல்ல. துணை நிலையான பி.சி.ஏ.பி.ஏ. சான்றிதழுக்கு மொத்தம் 20 அலகுகள். உள்ளொதுக்கீடு அதே 4, அதே 3.

உங்கள் முதல் ஐயத்துக்கு விடை: ஆம், கட்டாயம். முதுகலைப் பயிற்சியாளரை மேற்பார்வை செய்தாலும், ஆர்.பி.டி. பணியாளரை மேற்பார்வை செய்தாலும், அந்தச் சுழற்சியில் அந்த 3 அலகுகள் வேண்டும். அதற்கும் முன்னால், மேற்பார்வையைத் தொடங்கும் நாளுக்குள் 8 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டும் வேறு வேறு தேவைகள். அந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை நடத்துபவர் மேற்பார்வைக்கான தொடர்கல்வி அலகுகளையும் சேர்த்து வழங்குகிறாரா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். ஒரே உழைப்பில் இரண்டு தேவைகளும் நிறைவேற வாய்ப்பு உண்டு.

இரண்டாவது ஐயத்துக்கு நீங்கள் விரும்பும் விடையைத் தர இயலவில்லை. ஒரு நிகழ்வு எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும், அதை நடத்தியவர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தொடர்கல்வி வழங்குநராக, அதாவது ஏ.சி.இ. வழங்குநராக இல்லாவிட்டால், அது கற்றல் அலகாக எண்ணப்படாது. விதிவிலக்கு, நடத்தைப் பகுப்பாய்வு சார்ந்த பல்கலைக்கழகப் பாடங்கள். பருவமுறைப் பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 15 அலகுகள் கிடைக்கும் என்பதால், இரண்டு கிரெடிட் உள்ள ஒரே ஒரு பாடம் உங்களுக்கு வேண்டிய எண்ணிக்கையைத் தாண்டிவிடும்; ஆனால் நெறிமுறை அலகுகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஏ.சி.இ. நிகழ்வில் உரையாற்றுவதாலும், ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவதாலும் அலகுகள் பெறலாம். கட்டுரை வெளியானால் 8 அலகுகள், பிறர் கட்டுரையை மதிப்பீடு செய்தால் 1 அலகு. முதல் சுழற்சியில் இருக்கும் உங்களுக்கு மதிப்பீட்டு வாய்ப்பு உடனே வராது என்றாலும், அப்படி ஒரு வழி இருப்பதை மனத்தில் வைத்திருங்கள்.

நீங்கள் பணிபுரியும் மாநிலத்தில் தனி உரிமம் இருந்தால், அதன் தொடர்கல்வி விதிகளும் முடிவுத் தேதியும் வாரியத்தினுடையவற்றோடு பொருந்தாமல் இருக்கக்கூடும். இரண்டு தேதிகளையும் அருகருகே எழுதி ஒட்டிவையுங்கள்.


பழைய மாணவன் எழுதியது:

விதிகளை வரைபடம் தெளிவாக விளக்கிவிட்டார். உங்கள் மூன்றாவது கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு அதுதான் முதன்மையான கேள்வியாகத் தோன்றுகிறது.

நம் துறையில் எனக்குப் புரியாத முரண்பாடு ஒன்று உண்டு. ஒரு பணியாளருக்குப் புதிய திறனைக் கற்பிக்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? விளக்கிச் சொல்லி, செய்துகாட்டி, அவரைச் செய்யவைத்து, உடனுக்குடன் பின்னூட்டம் தருகிறோம். சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் செயல் மாறாது என்பதை மற்றவர்களுக்கு ஓயாமல் எடுத்துச் சொல்பவர்களும் நாம்தான். ஆனால் நம் சொந்தக் கல்வி என்று வரும்போது, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் உரையோடு மனநிறைவு அடைந்துவிடுகிறோம். அலகு என்பது நீங்கள் அங்கே இருந்ததற்கான சான்று. நீங்கள் மாறியதற்கான சான்று அன்று. அந்த இரண்டாவது பாதியை யாரும் உங்களுக்காகச் செய்து தரப்போவதில்லை.

நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. சுழற்சியின் தொடக்கத்தில் என் பணிக்கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தக் குழந்தையின் முன்னேற்ற வரைபடத்தில் கோடு மாதக்கணக்கில் நகராமல் இருக்கிறது என்று பார்ப்பேன். அங்கேதான் என் அறியாமை இருக்கிறது. ஒரு முறை, தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் சிறுவன் ஒருவனுக்கான திட்டம் முழுக்கத் தேங்கி நின்றது. நான் படித்த காலத்தில் செயற்பாட்டுப் பகுப்பாய்வு (ஒரு நடத்தை எதனால் நிகழ்கிறது என்று சோதித்து அறிவது) என்றால், ஆய்வாளர் இவாட்டாவும் உடனுழைப்பாளர்களும் 1982-இல் வெளியிட்டு 1994-இல் மறுபதிப்புக் கண்ட கட்டுரையின் முறைதான். ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனிச் சூழலில் சோதிப்போம். ஹேன்லியும் உடனுழைப்பாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரிடம் நேர்காணல் செய்து, வீட்டில் ஒன்றாகக் கலந்தே வரும் காரணங்களைச் சேர்த்துச் சோதித்திருந்தார்கள். அந்த அணுகுமுறை பற்றிய 6 அலகுப் பயிற்சியில் சேர்ந்தேன். முடித்த மறுவாரமே, என் நேர்காணலை ஒளிப்பதிவு செய்து, மூத்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் கேட்டேன். அந்தத் திருத்தத்துக்கு ஓர் அலகுகூடக் கிடையாது. ஆனால் அந்த 6 அலகுகளை எனக்குச் சொந்தமாக்கியது அதுதான். (எந்த முறை சிறந்தது என்ற விவாதம் துறைக்குள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை.)

நெறிமுறைக்கான 4 அலகுகளையும் கடமைக்கு முடித்துவிடாதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள நெறிமுறைத் தொகுப்பு, முந்தையதிலிருந்து பல இடங்களில் வேறுபட்டது. முன்பு சேவை பெறுவோரிடமிருந்து பரிசு எதையும் ஏற்கக் கூடாது என்று இருந்தது. இப்போது எப்போதாவது தரப்படும், 10 டாலர் மதிப்புக்கு மேற்படாத சிறு பரிசு என்றால் ஏற்கலாம். சேவை பெறுபவர் சட்டப்படி ஒப்புதல் தர இயலாத சிறுவராக இருந்தாலும், அவருடைய இசைவைப் பொருந்தும் இடங்களில் பெற வேண்டும் என்பதும் அழுத்தம் பெற்றிருக்கிறது. ஒரு குழந்தை தலையைத் திருப்பிக்கொள்வதை “ஒத்துழையாமை” என்று எழுதுவதா, “இசைவை விலக்கிக்கொண்டது” என்று எழுதுவதா என்ற கேள்வி என் அன்றாடப் பதிவேட்டையே மாற்றிவிட்டது. அதே தொகுப்பின் 1.06-ஆம் விதி, தகுதியைத் தக்கவைப்பதை நம் பொறுப்பாக வைக்கிறது. அலகு கிடைக்காத அந்த உணவுப் பயிலரங்கு அந்த விதியின் பார்வையில் வீணானதன்று.

இறுதியாக, பெரும்பாலோர் கடைசி இரண்டு மாதங்களில்தான் ஓடி ஓடிச் சேர்க்கிறார்கள். நிலை இடைவெளி வலுவூட்டலில், அதாவது குறித்த கால இடைவெளிக்குப் பிறகே பரிசு கிடைக்கும் ஏற்பாட்டில், முதலில் மந்தமாகவும் முடிவு நெருங்கும்போது வேகமாகவும் எழும் அந்த வளைந்த கோட்டை நாமே வரைந்துகொண்டிருக்கிறோம்.


எறும்பு எழுதியது:

பழைய மாணவன் சொன்னவற்றுள் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். கடைசி வரியோடு மட்டும் இல்லை. நிலை இடைவெளி அட்டவணையில், குறித்த நேரம் கடந்த பிறகு நிகழும் முதல் செயலுக்குத்தான் வலுவூட்டல் கிடைக்கும். அதற்கு முன் செய்தவை எதையும் ஈட்டித் தருவதில்லை. இங்கோ, முடிவுத் தேதிக்கு முன் செய்தவை அனைத்தும் எண்ணிக்கையில் சேரும். தேதி கடந்த பின் செய்வது அந்தச் சுழற்சிக்கு உதவாது. இது கிட்டத்தட்டத் தலைகீழான ஏற்பாடு. சான்றிதழை இழக்கும் ஆபத்தைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்படும் செயல் என்பதால், தவிர்த்தல் நடத்தை என்று சொல்வதே பொருந்தும். வரைந்த கோடு ஒன்றுபோல் இருப்பதனால் மட்டும் இயங்குமுறையும் ஒன்றாகிவிடாது.

இதைச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. தவிர்த்தல்தான் இயக்குகிறது என்றால், ஆபத்து தொலைவில் இருக்கும்வரை எவரும் அசையமாட்டார். ஆகவே இடைப்பட்ட முடிவுத் தேதிகளை நாமே உருவாக்க வேண்டும். 32 அலகுகளை எட்டுக் காலாண்டுகளுக்குப் பகிர்ந்தால் காலாண்டுக்கு 4. நானும் உடன் பணிபுரிபவர் ஒருவரும் ஒவ்வொரு காலாண்டின் இறுதியிலும் எங்கள் எண்ணிக்கையை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். நான்கு ஆண்டுகளாக இருவரும் கடைசி மாதத்தில் ஓடியதில்லை.


பழைய மாணவன் எழுதியது:

திருத்தத்தை ஏற்கிறேன். உவமைக்கு ஆசைப்பட்டு வழுக்கிவிட்டேன்.


கடல்கடந்தவள் எழுதியது:

இளவேனில், உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம் என்றாலும், இதைப் படிக்கும் வேறு சிலருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். நான் அமெரிக்காவில் படித்துச் சான்றிதழ் பெற்று, பின்னர் நாடு திரும்பியவள். 2023 ஜனவரி 1 முதல், குறிப்பிட்ட சில நாடுகளில் வசிப்போரிடமிருந்து மட்டுமே வாரியம் புதிய விண்ணப்பங்களை ஏற்கிறது. அதற்கு முன்பே சான்றிதழ் பெற்ற என்னைப் போன்றவர்கள், உரிய காலத்தில் புதுப்பித்துவந்தால் அதைத் தொடரலாம். ஆனால் ஒரு முறை கைநழுவ விட்டுவிட்டால், மீண்டும் புதியவர்களின் வரிசையில் நின்று விண்ணப்பிக்கும் வழி எங்களுக்கு இல்லை. உங்களுக்கு ஓர் அலகு குறைந்தால் அது தொல்லை. எங்களுக்கு அதுவே முற்றுப்புள்ளி.

அதனால் சான்றிதழ்களைப் பாதுகாப்பதில் நான் சற்று அளவுக்கு மீறிய கவனம் உடையவள். முதல் சுழற்சியில், ஒரு வழங்குநரின் இணையதளத்தில் என் கணக்குக்குள் சான்றிதழ்கள் பத்திரமாக இருக்கும் என்று நம்பி, எதையும் பதிவிறக்காமல் விட்டேன். புதுப்பிக்கும் நேரத்தில் அந்த நிறுவனம் தன் சேவையையே நிறுத்திவிட்டிருந்தது. 5 அலகுகளை ஒரே வார இறுதியில் மீண்டும் சேர்க்க வேண்டியதாயிற்று. வாரியம் தணிக்கைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தால், சான்றிதழைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான், வழங்குநர் அல்லர். நிகழ்வு முடிந்த அன்றே கோப்பைச் சேமித்து, அதில் உங்கள் பெயர், தேதி, அலகுகளின் எண்ணிக்கை, அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்பன சரியாக உள்ளனவா என்று பாருங்கள். நெறிமுறை அலகு என்று விளம்பரம் செய்துவிட்டுச் சான்றிதழில் பொது அலகு என்று அச்சிட்டு அனுப்பியதையும் கண்டிருக்கிறேன்; கேட்ட பிறகுதான் திருத்தித் தந்தார்கள். எஞ்சும் அலகுகளை அடுத்த சுழற்சிக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.


வரைபடம் எழுதியது:

முன்பு விட்டுவிட்ட ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். இளவேனில் மேற்பார்வை செய்யப்போகும் ஆர்.பி.டி. பணியாளர்களுக்கான விதியும் 2026-இல் மாறியிருக்கிறது. ஆண்டுதோறும் திறன் மதிப்பீட்டின் வழியாகப் புதுப்பித்த முறை போய், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 12 மணி நேரத் தொழில்மேம்பாட்டுப் பயிற்சியுடன் புதுப்பிக்கும் முறை வந்திருக்கிறது. ஆகவே உங்கள் அலகுகளை மட்டுமன்றி அவர்களுடைய மணிக்கணக்கையும் நீங்கள் கவனிக்க வேண்டியிருக்கும்.


இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பணிக்கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். என் பொறுப்பில் உள்ள ஒன்பது குழந்தைகளுள் மூவருடைய கோடுகள் நகராமல் இருக்கின்றன. அவற்றுள் இரண்டு, உணவு மறுப்பு சார்ந்தவை. ஆகவே, அதே பொருளில் ஓர் ஏ.சி.இ. வழங்குநர் நேரலையாக நடத்தும் பயிற்சியில் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். அதன் பிறகு என் ஒரு வேளை உணவு அமர்வை ஒளிப்பதிவு செய்து காட்டுவதாக எங்கள் மையத்தின் மூத்தவரிடம் சொல்லி, அவருடைய இசைவையும், பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலையும் கேட்டிருக்கிறேன். 8 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி அடுத்த மாதத்தில். நெறிமுறை அலகுகளில் முதல் இரண்டை, இசைவு பற்றிய பயிற்சியிலேயே பெறவிருக்கிறேன்.

எறும்பு அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காலாண்டு எண்ணிக்கையை அனுப்பிக்கொள்ளும் உங்கள் ஏற்பாட்டில் மூன்றாவதாக ஒருவருக்கு இடம் உண்டா?


எறும்பு எழுதியது:

உண்டு. இந்தக் காலாண்டின் இறுதியில் உங்கள் எண்ணிக்கையை அனுப்புங்கள். 7 என்று மட்டும் வரக் கூடாது.