விண்ட் ஸ்ட்ரைக் போட்டா எதுவுமே படல, நீலமா தெறிச்சிட்டு போயிடுது. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் மேஜிக் தெரிஞ்சவங்க உதவுங்க

புதுக்கோல்:
எல்லாருக்கும் வணக்கம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆரம்பிச்சு இன்னையோட ஒன்பது நாள் ஆகுது. ஃப்ரீ அக்கவுண்ட்தான், மெம்பர்ஷிப் எடுக்கல, போன்லதான் ஆடுறேன். எந்த கேம் எடுத்தாலும் எனக்கு மந்திரவாதிதான் பிடிக்கும், அதனால இதுலயும் கத்தி வில்லுன்னு எதையும் தொடாம மேஜிக் மட்டும் ஏத்தலாம்னு இருந்தேன். ட்யூட்டோரியல் தீவுல அந்த கோழி மேல விண்ட் ஸ்ட்ரைக் போட்டு கொன்னப்போ அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே உருப்படியா நடக்கல.

வாரக் ஊருக்கு தெற்கால ஒரு கல்வட்டம் இருக்குல்ல, அங்க டார்க் விஸார்டு நிக்கிறாங்க, மந்திரவாதிய மந்திரத்தாலயே அடிப்போம்னு போனேன். நேத்து எண்ணிப் பாத்தேன், அந்த சின்ன லெவல் 7 விஸார்டு மேல 40 தடவை போட்டதுல 3தான் பட்டுச்சு, மீதி எல்லாம் நீல கலர்ல தண்ணி தெறிக்கிற மாதிரி ஒண்ணு வந்து போயிடுது, டேமேஜ் எதுவும் இல்ல, மந்திரத்துக்கு செலவாகுற ரூன் கல்லு மட்டும் காலி. இன்னொரு கூத்து என்னன்னா ஒரு தடவை மந்திரம் போட்டதும் என் ஆளு அப்படியே நிக்கிறான், விஸார்டு திருப்பி அடிச்சா கிட்ட ஓடிப்போய் கையில இருக்குற கோலால கம்புச்சண்டை மாதிரி அடிக்கிறான், நான் மறுபடி ஸ்பெல் புக்க தொறந்து ஸ்பெல்ல தொட்டு அப்புறம் விஸார்ட தொடணும், அதுக்குள்ள பக்கத்துல இருக்குற லெவல் 20 விஸார்டும் சேர்ந்து அடிச்சு நான் செத்துடுறேன். இதுவரைக்கும் அஞ்சு தடவை லம்பிரிட்ஜ்ல போய் எழுந்திருச்சிருக்கேன்.

ஒன்பது நாள்ல மேஜிக் லெவல் வெறும் 5. ஏதோ பெருசா தப்பு பண்றேன்னு தெரியுது, ஆனா என்ன தப்புன்னு தெரியல. நெட் ஸ்லோவா இருக்குறதாலயா? இல்ல லெவல் 5ல எல்லாருக்கும் இப்படித்தானா?

மீலிமுரளி07:
லெவல் கம்மி ப்ரோ, அவ்ளோதான். ஆரம்பத்துல மேஜிக் வேலைக்கு ஆகாது. அட்டாக், ஸ்ட்ரென்த் 20 வரைக்கும் ஏத்திட்டு அப்புறம் மேஜிக் பக்கம் வாங்க.

கல்தச்சன்:
லெவல் கம்மிங்கிறதுக்காக 40க்கு 3 வராது, அது ரொம்ப ரொம்ப கம்மி. தம்பி, உடம்புல என்னென்ன போட்டிருக்க? தலைல இருந்து கால் வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லு.

புதுக்கோல்:
அண்ணா, அடிக்கடி சாகுறேன்னு கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தைல அயர்ன் செட் வாங்கினேன். அயர்ன் ஃபுல் ஹெல்ம், அயர்ன் பிளேட்பாடி, அயர்ன் பிளேட்லெக்ஸ், அயர்ன் கைட்ஷீல்டு. கையில ஸ்டாஃப் ஆஃப் ஏர், வாரக்ல ஸாஃப் கடைல 1,500 காயின் கொடுத்து வாங்கினது. காலுக்கு எதுவும் இல்ல.

கல்தச்சன்:
அதான் பிரச்சனையே. அந்த இரும்பு எல்லாத்தையும் கழட்டு. மீதிய யாராவது கணக்கோட சொல்லுவாங்க, நான் வேலைல இருக்கேன்.

நீலத்தொப்பி:
நான் சொல்றேன் தம்பி, இத ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா அப்புறம் மேஜிக்ல எங்கயும் மாட்ட மாட்ட. நானும் போன்லதான் ஆடுறேன், 2018 அக்டோபர்ல போனுக்கு வந்தப்போ ஆரம்பிச்சது.

நீ போட்டிருக்குற டிரஸ் டேப்ல கீழ சின்னதா ஒரு பட்டன் இருக்கும், அத தொட்டா ஈக்விப்மெண்ட் ஸ்டாட்ஸ் தொறக்கும். அதுல மேல அட்டாக் போனஸ்னு ஸ்டாப், ஸ்லாஷ், க்ரஷ், மேஜிக், ரேஞ்ச்னு அஞ்சு வரி. அந்த மேஜிக் வரியத்தான் நீ பாக்கணும். உன்னோடத நானே போட்டு சொல்றேன்: ஃபுல் ஹெல்ம் -6, பிளேட்பாடி -30, பிளேட்லெக்ஸ் -21, கைட்ஷீல்டு -8. கூட்டினா -65. உன் ஸ்டாஃப் +10. ஆக மொத்தம் -55.

இப்போ முக்கியமான விஷயம். நம்ம அடி படுமா படாதான்னு கேம் கணக்கு போடும்போது இந்த போனஸோட 64ஐ கூட்டி, அத நம்ம மேஜிக் லெவல்ல இருந்து வர்ற எண்ணால பெருக்கும். இரும்பு இல்லாம வெறும் ஸ்டாஃப் மட்டும் வச்சிருந்தா உனக்கு 10ம் 64ம் சேர்ந்து 74. இரும்போட உனக்கு இருக்குறது 64ல 55 போக 9. 74 இருக்க வேண்டிய இடத்துல வெறும் 9 வச்சிக்கிட்டு நீ ஒன்பது நாளா அடிச்சிட்டிருக்க! ஸ்டாஃப் மட்டும் இல்லன்னா -65, அப்போ ஒரு அடி கூட படாது, -64க்கு கீழ போயிட்டா எல்லாமே ஸ்பிளாஷ்தான். அந்த நீலமா தெறிக்குறதுக்குப் பேரு ஸ்பிளாஷ்.

இரும்பு டிரஸ் கத்திக்காரங்களுக்கு. இந்த கேம்ல மேஜிக் மீலிய, அதாவது கத்திச்சண்டைய அடிக்கும், மீலி ரேஞ்ச, அதாவது வில்ல அடிக்கும், ரேஞ்ச் மேஜிக்க அடிக்கும், அந்த முக்கோணத்த வச்சுத்தான் ஒவ்வொரு டிரஸ்ஸுக்கும் நம்பர் வச்சிருக்காங்க.

லெவல் ஏறாததுக்கும் இதே காரணம்தான். விண்ட் ஸ்ட்ரைக் போட்டாலே 5.5 எக்ஸ்பி, அதாவது லெவல் ஏத்துற பாயிண்ட் கிடைக்கும், பட்டுச்சுன்னா ஒவ்வொரு டேமேஜுக்கும் கூட 2 எக்ஸ்பி. ஸ்பிளாஷ் ஆனா அந்த 5.5 மட்டும்தான்.

தென்வாசல்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி, நான் ரெண்டாவது தப்ப சொல்றேன். மந்திரவாதிய மந்திரத்தால அடிக்கிறதுன்னு முடிவு பண்ணீங்கல்ல, அதுவே தப்பான ஆளு. இந்த கேம்ல ஒரு மான்ஸ்டர் மேஜிக்க எவ்ளோ தாங்கும்ங்கிறது அதோட டிஃபென்ஸ் லெவல வச்சு இல்ல, அதோட மேஜிக் லெவல வச்சு. டார்க் விஸார்டுக்கு மேஜிக் லெவல் இருக்கு, மாட்டுக்கு 1தான். அதனால புதுசா மேஜிக் ஏத்துறவங்க மாடு, கோழி, காப்ளின்னு ஆரம்பிக்கிறது.

அந்த கல்வட்டத்துக்கு இப்போதைக்கு போகவே போகாதீங்க. ஒரு மான்ஸ்டரோட லெவல ரெண்டால பெருக்கி வர்ற நம்பர உங்க காம்பாட் லெவல் தாண்டுற வரைக்கும் அது தானா வந்து அடிக்கும், அப்போ லெவல் 20 விஸார்டு உங்கள 40 வரைக்கும் விடாது. லம்பிரிட்ஜ்ல இருந்து வாரக் போறப்போ கூட அந்த வட்டத்த ஒதுங்கிப் போங்க, நான் புதுசா இருந்தப்போ அந்த வழியா போய் செத்தது எத்தனை தடவைன்னு எண்ணிக்கையே இல்ல.

டிக்கெண்ணி:
நெட் ஸ்லோவான்னு கேட்டீங்க. இல்லங்க. இந்த கேம் 0.6 செகண்டுக்கு ஒரு டிக்னு ஓடுது, ஸ்பெல்லுக்கு 5 டிக், அதாவது 3 செகண்டுக்கு ஒரு தடவைதான் எப்படியும் போக முடியும். நம்ம ஊர்ல இருந்து பிங் கொஞ்சம் கூட இருந்தாலும் மாடு அடிக்கிறதுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஸ்பிளாஷ் ஆகுறதுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

கம்புச்சண்டைக்கு வர்றேன். நீங்க ஸ்பெல் புக்ல தொட்டு போடுறது ஒரே ஒரு தடவைக்குத்தான், அது முடிஞ்சதும் ஆளு நின்னுடுவான், எதிரி அடிச்சா ஆட்டோ ரிட்டாலியேட் ஆன்ல இருக்குறதால கையில இருக்குற ஆயுதத்தால திருப்பி அடிப்பான், கையில இருக்குறது கோலு, அதனால கோலால அடிக்கிறான். ஆட்டோகாஸ்ட் வைக்கணும். ஸ்டாஃப் கையில இருக்கும்போது ரெண்டு கத்தி படம் போட்ட காம்பாட் டேப்ப தொறங்க, பாஷ், பவுண்டு, ஃபோகஸ்னு இருக்கும், அதோட ஸ்பெல்னு ரெண்டு பட்டன் இருக்கும். ஒண்ணுல கேடயம் படம் இருக்கும், அது டிஃபென்ஸிவ், எக்ஸ்பில ஒரு பங்கு டிஃபென்ஸுக்கு போயிடும், இப்போ அது வேணாம். கேடயம் இல்லாதத தொட்டு விண்ட் ஸ்ட்ரைக்க தேர்ந்தெடுங்க. அவ்ளோதான், அதுக்கப்புறம் மாட்ட ஒரு தடவை தொட்டா சாகுற வரைக்கும் அவனே போடுவான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஸ்டாஃப கழட்டினா ஆட்டோகாஸ்ட் போயிடும், திரும்ப வைக்கணும்.

புதுக்கோல்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அந்த -55 நம்பர இப்போதான் ஸ்டாட்ஸ்ல போய் பாத்தேன், அப்படியே இருக்கு. இத்தனை நாளா அந்த பக்கத்த நான் தொறந்ததே இல்ல அக்கா. டிஃபென்ஸ் கூடுனா நல்லதுன்னுதான் நெனச்சேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். இரும்ப கழட்டினா அடி வாங்கி செத்துட மாட்டேனா? அப்புறம் ஒரு வீடியோல லெவல் 13ல ஃபயர் ஸ்ட்ரைக் வந்ததும்தான் மேஜிக் உருப்படும், அதுவரைக்கும் விண்ட் ஸ்ட்ரைக் டேமேஜ் 2தான்னு சொன்னாங்க, அது உண்மையா?

நீலத்தொப்பி:
மாட்டுக்கு காம்பாட் லெவல் 2 தம்பி, அதுகிட்ட அடி வாங்கி சாக முடியாது. அதுவும் வேணாம்னா லம்பிரிட்ஜ் மாட்டுத்தோட்டத்துல வேலிக்கு வெளிய நின்னு உள்ள இருக்குற மாட்ட அடி. ஸ்பெல் 10 கட்டம் தூரம் போகும், மாடு வேலி தாண்டி வராது. மந்திரவாதிக்கு தூரம்தான் கவசம்.

இரும்புக்கு பதிலா ப்ளூ விஸார்டு ஹேட் +2, ப்ளூ விஸார்டு ரோப் +3, ரெண்டுமே கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்ல கிடைக்கும். காசு சேர்ந்ததும் அமுலெட் ஆஃப் மேஜிக் எடு, அது ஒண்ணே +10. ஸ்டாஃபோட எல்லாம் சேர்த்தா +25, கணக்குல 89. உன் பழைய 9 எங்க, இந்த 89 எங்க.

தென்வாசல்:
அந்த வீடியோ பழசா இருக்கும். 2024ல ஸ்பெல்ல எல்லாம் மாத்தினாங்க. முன்னாடி விண்ட் ஸ்ட்ரைக் எப்பவுமே அதிகபட்சம் 2தான், இப்போ லெவல் 5ல 4, லெவல் 9ல 6, லெவல் 13ல 8ன்னு கூடவே ஏறும். லெவல் 13ல ஃபயர் ஸ்ட்ரைக்குக்கும் அதே 8தான். உங்ககிட்ட ஸ்டாஃப் ஆஃப் ஏர் இருக்கு, அதனால ஏர் ரூனே வேணாம், விண்ட் ஸ்ட்ரைக்குக்கு ஒரு மைண்ட் ரூன் போதும், வாரக்ல ஆபரி கடைல 3 காயின்ல இருந்து ஆரம்பிக்குது. ஃபயர் ஸ்ட்ரைக்னா அதோட 3 ஃபயர் ரூனும் சேரும், ஒண்ணு 4 காயின்னு வச்சா ஒரு தடவைக்கு 15 காயின் ஆயிடும். ஆனா அதுல போட்டாலே 11.5 எக்ஸ்பி, அதுக்காக சிலர் அதையே போடுவாங்க. காசு கம்மியா இருக்குற வரைக்கும் விண்ட் ஸ்ட்ரைக்லயே இருங்க.

அதே அப்டேட்லதான் மான்ஸ்டர்களுக்கு பஞ்சபூத பலவீனமும் வந்துச்சு, நெருப்புல வெந்துபோற மான்ஸ்டர் மேல நெருப்பு ஸ்பெல் போட்டா படுறதும் கூடும் டேமேஜும் கூடும். உதாரணமா ஐஸ் ஜெயண்டுக்கு நெருப்பு. உங்களுக்கு அது பின்னாடி தேவைப்படும், மாட்டுக்கு வேணாம்.

கல்தச்சன்:
ரூன் சுத்தமா காலியாயிட்டா லம்பிரிட்ஜ்லயே மேஜிக் ட்யூட்டர் இருக்காங்க, கேட்டா ஏர் 30 மைண்ட் 30 சும்மா தருவாங்க.

இன்னொண்ணு, லெவல் 5ல இருந்து ரூன் செலவே இல்லாம ஏற ரெண்டு குவெஸ்ட் இருக்கு. இம்ப் கேச்சர், 875 மேஜிக் எக்ஸ்பி. விஸார்ட்ஸ் டவர் மேல் மாடில மிஸ்காக்னு ஒருத்தர், சிவப்பு மஞ்சள் கருப்பு வெள்ளைன்னு நாலு பாசிமணி கேப்பார், அத வச்சிருக்குற இம்ப்ங்கிற குட்டிப் பிசாச தேடி அலையாம கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்ல வாங்கிட்டுப் போய் கொடு. பரிசா அமுலெட் ஆஃப் அக்யூரஸி தருவார், +4, நல்லது வாங்குற வரைக்கும் அத போட்டுக்கோ. அடுத்தது விட்ச்ஸ் போஷன், 325 எக்ஸ்பி, ரிமிங்டன்ல ஹெட்டி. எலி வால், கருகின கறி, வெங்காயம், ஐ ஆஃப் நியூட், கடைசில சொன்னது போர்ட் சாரிம்ல பெட்டி கடைல கிடைக்கும். எலி வால் மட்டும் குவெஸ்ட் ஆரம்பிச்ச அப்புறம்தான் விழும். ரெண்டையும் முடிச்சா 12க்கு வந்துடுவ.

மீலிமுரளி07:
அவர் இரும்பு போட்டிருப்பார்னு நான் யோசிக்கவே இல்ல. கேக்காமலே மீலிக்கு போகச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க ப்ரோ. அந்த அயர்ன் செட்ட வித்துடாதீங்க, பேங்க்ல வைங்க, மீலி குவெஸ்ட் வரும்போது உதவும்.

புதுக்கோல்:
மன்னிப்பெல்லாம் எதுக்கு ப்ரோ, பதில் போட்டதே பெருசு.

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். முதல்ல இரும்ப கழட்டிட்டு வெறும் ஸ்டாஃப் மட்டும் வச்சுக்கிட்டு வேலிக்கு வெளிய நின்னேன். அதே மாதிரி 40 எண்ணினேன். 31 பட்டுச்சு! லெவல் அதே 5, ஸ்டாஃப் அதே ஸ்டாஃப், ஸ்பெல் அதே ஸ்பெல். அஞ்சாறு அடி தொடர்ந்து பட்டப்போ போன கீழ வச்சிட்டு சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன், ஆட்டோகாஸ்ட்ல என் ஆளு கைய தூக்கி தூக்கி போடுறான், மாடு வேலிக்கு அந்தப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்குது. நான் இந்த கேமுக்கு வந்ததே இதுக்குத்தான்.

அப்புறம் கல்தச்சன் அண்ணா சொன்ன ரெண்டு குவெஸ்டும் முடிச்சேன், இப்போ 13. தொப்பியும் ரோபும் வாங்கிட்டேன், அமுலெட் ஆஃப் மேஜிக்குக்கு காசு சேக்குறேன். மிஸ்காக் இருக்குற மாடில ஒரு கூண்டுக்குள்ள பெரிய டீமன் ஒண்ணு நிக்குது, வெளிய நின்னு ரெண்டு பேரு அது மேல ஸ்பெல் போட்டுட்டு இருந்தாங்க. லெவல் 82ன்னு காட்டுது. அது மேல நானும் போடலாமா, இல்ல இன்னும் ஏறணுமா?

நீலத்தொப்பி:
தாராளமா போடு தம்பி. அது லெஸ்ஸர் டீமன், 79 ஹெச்பி இருக்கு, ஆனா மேஜிக் லெவல் மாடு மாதிரி 1தான், அதனால உன் ஸ்பெல் நல்லாவே படும். கூண்ட விட்டு வெளிய வராது. மைண்ட் ரூன் ஒரு 500 எடுத்துக்கிட்டு போ, நடுவுல தீந்துட்டா கடைக்கு திரும்ப நடக்கணும். கூட்டமா இருந்தா வேர்ல்டு, அதாவது சர்வர் மாத்திப் பாரு. அமுலெட் வாங்குனதும் ஸ்டாட்ஸ்ல அந்த மேஜிக் வரிய பாத்து எவ்ளோன்னு இங்க போடு.