‘ரீபூட்’ படத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், நாளை மாலைக்குள்

தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

திரைப்பட ரசிகர் ஒருவரின் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை கொடுத்தாக வேண்டும். பிடித்த படத்துக்கு அடுத்த பாகம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் மனசில் எழும் ஆசையும் பயமும்தான் கட்டுரை. ‘சீக்வெல்’லுக்கு இடத்துக்கேற்பத் தொடர்ச்சி, இரண்டாம் பாகம் என்று போட்டுவிட்டேன். ‘ப்ரீக்வெல்’ முன்கதை. ‘ரீமேக்’ மறுஆக்கம். ‘ரீபூட்’ மட்டும் இரண்டு நாளாக நகரவில்லை.

கணினிக்காரர்களின் ‘மறுதொடக்கம்’ இருக்கிறது. ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்தால் சேமித்த கோப்புகள் அப்படியே இருக்கும். படத்தில் நேர்மாறு. 2005இல் ‘பேட்மேன் பிகின்ஸ்’ வந்தபோது, 1989 முதல் 1997 வரை வந்த நான்கு படங்களில் நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, அதே நாயகனை முதலிலிருந்து தொடங்கினார்கள். இதற்கு என்ன சொல்வது?

ச.

*

ச. அவர்களுக்கு,

தொடங்கு, தொடர் இரண்டும் ‘தொடு’ என்ற ஒரே வேரில் வந்தவை. தொடர்ச்சியை அறுத்துக்கொண்டு வரும் படத்துக்குத் தொடக்கம் என்று பெயர் வைத்தால் காது ஏற்கலாம், வேர் ஏற்காது. ‘துவக்கம்’ பக்கமும் போக வேண்டாம். துவக்கு என்றால் ஈழத்தில் துப்பாக்கி.

ஆங்கிலச் சொல்லின் உள்ளே பாருங்கள். ‘பூட்’ காலணி. தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற வழக்கு கணினிக்கு வந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தது. நம்மிடம் கழல் இருக்கிறது. வீரன் காலில் அணிவது கழல். கழல்வது என்றால் கட்டு விட்டு நீங்குவது. பழைய கதையின் கட்டு கழன்று, வீரன் புதிதாகக் கழல் அணிகிறான். ‘மீள்கழல்’ என்று வையுங்கள். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

‘மறுஆக்கம்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. முதல் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலைத் தொல்காப்பியர் நான்காகப் பகுத்தார்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். நான்காவது, மொழிபெயர்த்து மூலத்தின் வழியில் இயற்றுவது. வேற்றுமொழி ரீமேக் அதில் அப்படியே பொருந்துகிறது. ‘வழிப்படம்’ என்று ஏன் சொல்லக் கூடாது?

இரா.

*

இரா. ஐயா,

வழிப்படம் அருமை. அதை நாளைக்கே வகுப்பில் பயன்படுத்துவேன். மீள்கழலைச் சொன்னால் முதலில் கழலை விளக்க வேண்டும், அப்புறம் காலணியை, அப்புறம் கணினியை. படத்துக்கு வர நேரம் இருக்காது.

நான் ஊடகவியல் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் பேச்சில் ‘பார்ட் டூ’வும் ‘ரீபூட்’டும் குழப்பமில்லாமல் பிரிந்து நிற்கின்றன. ரீபூட் என்றே எழுதினால் என்ன தப்பு? சினிமா என்ற சொல்லையே அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நா.

*

அம்மா, புரிகிறது என்பது ஒன்றே அளவுகோல் என்றால் இந்தக் குழுவே வேண்டாம். ‘மென்பொருள்’ வந்த புதிதில் அதுவும் விளக்கம் கேட்ட சொல்தான். புழங்கப் புழங்கத்தான் புரிந்தது.

இரா.

*

எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு யோசனை.

அறுவடை முடிந்த தாளிலிருந்து மறுபடி துளிர்ப்பதை மறுதாம்பு என்போம். வேர் பழையது, கதிர் புதியது. விதைச் செலவும் உழவுச் செலவும் மிச்சம், விளைச்சல் பெரும்பாலும் முதல் போகத்தைவிடக் குறைவு. இரண்டாம் பாகம் எடுக்கிறவர்களின் கணக்கும் அதுதான் என்று தோன்றுகிறது. முதல் படம் சேர்த்துவைத்த அன்பு தாளில் இருக்கிறது, அதிலிருந்து இன்னொரு முறை அறுக்கலாம் என்கிறார்கள். சில சமயம் மறுதாம்பு முதல் போகத்தோடு தோளுக்குத் தோள் நிற்கும். ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் 1974இல் வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் தொடர்ச்சிப் படமாயிற்று.

ரீபூட் அப்படியல்ல. பழைய கட்டையைப் பிடுங்கி, உழுது, அதே வயலில் புதிதாக நடுகிறார்கள். அதற்கு ‘மறுநடவு’ சரியாக இருக்கும்.

வே.

*

மறுநடவு நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லா வயலும் சுத்தமாக உழுதவை அல்லவே. 2018இல் வந்த ‘ஹாலோவீன்’ 1978ஆம் ஆண்டின் முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இடையில் வந்த பாகங்களை ஒதுக்கிவிட்டது. இது தொடர்ச்சியா, மறுநடவா?

தொடர்ச்சி என்றதும் எனக்கு மணிமேகலைதான் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தை முடித்துவிட்டுக் கண்ணகிக்காக அங்கே போகிறவருக்கு மாதவியின் மகள்தான் கிடைக்கிறாள். ஆசிரியர் வேறு, சமய நோக்கு வேறு. ஆனால் வஞ்சியில் மணிமேகலை கண்ணகியின் படிமத்தின் முன் போய் நிற்கிறாள், கண்ணகி பேசுகிறாள். பல பக்கம் காத்திருந்த மனசுக்கு அந்த ஓர் இடம் போதும். புதியவளின் கதையைப் புதியவளிடமே விட்டுவிட்டு, பழையவளுக்கும் உரிய இடம் கொடுத்த தொடர்ச்சி அது.

நா.

*

எல்லோருக்கும் நன்றி. நா. அம்மா சொன்னதில்தான் என் சிக்கல் எனக்கே விளங்கியது.

ஒரு கதையோடு பத்து வருஷம் வாழ்ந்தவருக்கு ரீபூட் என்ற சொல் கேட்டதும் வரும் பயம், புதுப் படம் மோசமாக இருக்குமோ என்பது மட்டுமல்ல. நான் அழுத அந்தச் சாவு, நான் கைதட்டிய அந்த வெற்றி, அதெல்லாம் இனிமேல் செல்லாதா என்பதுதான் பெரிய பயம். தொடர்ச்சி நம்மிடம் ஞாபகத்தைக் கேட்கிறது. ரீபூட் மறதியைக் கேட்கிறது. மறுநடவில் அந்த மறதி இருக்கிறது, அதனால் அதுவே எனக்கு அதிகம் பிடித்தது.

ஆனால் 2006இல் ‘கேசினோ ராயல்’ ஜேம்ஸ் பாண்டை முதலிலிருந்து தொடங்கியபோதும், 1995 முதல் அவனுடைய உளவுத்துறைத் தலைவர் ‘எம்’ ஆக நடித்துவந்த ஜூடி டென்ச் அதே நாற்காலியில் இருந்தார். கதைக் கணக்குப்படி அது பொருந்தாது. பார்க்கிறவருக்கோ அந்த முகம்தான் உள்ளே வரச் சொல்லும் கதவு. கணினியை அணைத்துப் போட்டாலும் கோப்புகள் மிச்சம் இருப்பதுபோல, இங்கேயும் ஏதோ மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. முதல் மடலில் ‘மறுதொடக்கம்’ பொருந்தாது என்று நான் சொன்ன காரணம் அவ்வளவு வலுவானதல்ல.

ச.

*

அப்படியானால் மறுதொடக்கமே இருக்கட்டும். மறுநடவு என்று தலைப்பிட்டால் வேளாண்மைக் கட்டுரை என்றே நினைப்பார்கள். நான் வற்புறுத்தவில்லை.

வே.

*

மறுதொடக்கத்துக்கு என் ஒப்புதல். வகுப்பில் மாணவர்கள் ரீபூட் என்று எழுதினாலும் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

நா.

*

கட்டுரை போய்விட்டது. முதல் இடத்தில் ‘ரீபூட் எனப்படும் மறுதொடக்கம்’, பிறகு மறுதொடக்கம் மட்டும். ரீமேக் வந்த மூன்று இடத்திலும் வழிப்படம் என்று மாற்றிவிட்டேன். ஓரிடத்தில் மட்டும், பழைய நாயகனைத் திரையில் தேடித் தேடி ஏமாந்ததைக் கட்டுரையாளர் சொல்லும் பத்தியில், மறுநடவு என்று எழுதினேன். ஆசிரியர் வெட்டாமல் விட வேண்டும்.

ச.

*

வழிப்படத்துக்கு நன்றி. மறுதொடக்கத்தை நான் ஏற்கவில்லை என்பதைக் குழு பதிவு செய்துகொள்ளட்டும். கழல் பற்றிச் சங்கப் பாடல்களிலிருந்து மேற்கோள்கள் எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தனி மடலாக அனுப்புகிறேன்.

இரா.