ஜாங்கோவில் கூகுள் லாகின்: லோக்கலில் ஓடுகிறது, சர்வரில் எரர் 400. அவசரம்!

தறிநாடா: பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில், லாகின் வேலையைப் பார்க்கும் ஆல்ஆத் பேக்கேஜைப் போட்டு கூகுள் லாகின் வைத்திருக்கிறேன். லோக்கலில் ஜம்மென்று ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால் ‘ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்’, அதாவது லாகின் முடிந்து திரும்பும் முகவரி பொருந்தவில்லை என்று கூகுள் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை கிளையண்டுக்குக் காட்ட வேண்டும்.

கீபோர்டுகுமார்: எல்லாம் என்றால் எதெது? கூகுள் கன்சோலில் பதிந்த முகவரியை இங்கே போடுங்கள், டொமைனை மறைத்துக்கொண்டு.

மழைக்கால்: ப்ரோ, கடைசி ஸ்லாஷ்! ஆல்ஆத் அனுப்பும் முகவரியில் ‘கால்பேக்’குக்குப் பிறகும் ஒரு ஸ்லாஷ் உண்டு. கூகுள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், இதுதான்.

பைதான்பாண்டி: அட்மினில் சைட்ஸ் பக்கம் பாருங்கள், இன்னும் ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ என்றே இருக்கும். எந்தத் தளம் என்று ஜாங்கோவுக்குச் சொல்லும் சைட் ஐடிதான் வில்லன்.

மூத்தகுடி: சைட் ஐடி தப்பென்றால் ‘சோஷியல் ஆப் இல்லை’ என்று ஜாங்கோவே அலறியிருக்கும், கூகுள் வரை போயே இருக்காது. வீடியோ பார்த்து ஒட்டுபவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? கூகுள் லாகினுக்கு அடியில் இருக்கும் ஓஆத்தை லாகின் என்பதே முதல் கோளாறு தம்பி. அது அனுமதி கொடுக்கும் முறை, ஆளை அடையாளம் காட்டும் முறை அல்ல. போய் அதன் தர ஆவணம் ஆர்எஃப்சி 6749 படியுங்கள், 2012லேயே வந்தது.

மழைக்கால்: அண்ணா, அதன் மேல் ஆளை அடையாளம் காட்டும் ஓபன்ஐடி கனெக்ட் 2014இல் வந்துவிட்டதே. கூகுள் லாகின் அதில்தானே ஓடுகிறது?

தறிநாடா: ஸ்லாஷ் இருக்கிறது. எச்டிடிபிஎஸ் முகவரிதான் கொடுத்தேன்.

கீபோர்டுகுமார்: நீங்கள் கொடுத்தது இருக்கட்டும், ஜாங்கோ அனுப்புவது என்ன? எரர் பக்கத்தில் விவரத்துக்கான சுட்டியை அழுத்துங்கள். அப்புறம், ஜாங்கோவுக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ் உண்டா?

தறிநாடா: உண்டு, பின்னால் ஜாங்கோவை ஓட்டும் ஜியுனிகார்ன். விவரத்தில் வெறும் எச்டிடிபி என்று வருகிறது, எஸ் இல்லை!

கீபோர்டுகுமார்: அதுதான் சங்கதி. எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேலை என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. உள்ளே ஜாங்கோவுக்கு வருவது சாதா எச்டிடிபி, அதை வைத்தே முகவரி கட்டுகிறது. செட்டிங்ஸில் ‘செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர்’ போடுங்கள்.

பைதான்பாண்டி: அவ்வளவு எதற்கு? ஆல்ஆத்தின் ‘அக்கவுண்ட் டிஃபால்ட் எச்டிடிபி ப்ரோட்டோகால்’ என்பதை எச்டிடிபிஎஸ் ஆக்கினால் முடிந்தது.

மூத்தகுடி: ஒட்டுப்போடும் வேலை. ஆல்ஆத் மட்டும் திருந்தும், ஜாங்கோ இணைப்பு பாதுகாப்பில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மழைக்கால், அந்த ‘அதன் மேல்’ என்பதைத்தான் நானும் சொல்கிறேன். ஓஆத் வேறு, அது வேறு.

மழைக்கால்: நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

தறிநாடா: செட்டிங்ஸில் போட்டேன். அதே எரர்.

கீபோர்டுகுமார்: வெளியே இணைப்பு எச்டிடிபிஎஸ்தான் என்று ஜாங்கோவுக்குச் சொல்லும் அந்த ஹெடரை, அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பை, என்ஜின்எக்ஸ் அனுப்ப வேண்டுமே. லொக்கேஷன் பகுதியில் ‘ப்ராக்ஸி செட் ஹெடர்’ வரியில் ‘எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோ’வுக்கு டாலர் ஸ்கீம் (வந்த இணைப்பு எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதைத் தரும் மாறி) கொடுங்கள். என்ஜின்எக்ஸை ரீலோட், ஜியுனிகார்னை ரீஸ்டார்ட், இரண்டும் செய்யுங்கள். முன்னால் ப்ராக்ஸி இல்லாத சர்வரில் மட்டும் அந்த செட்டிங்ஸ் வரி வேண்டாம். வெளியாள் எவனும் அந்த ஹெடரைத் தானே வைத்து அனுப்பி ஏமாற்றலாம்.

மூத்தகுடி: 2014க்கு முன்பும் கூகுளில் லாகின் இருந்தது. அதற்கென்ன பெயர் சொல்வீர்கள்?

தறிநாடா: வந்துவிட்டது. நன்றி குமார் அண்ணா.

புதுவரவு22: எனக்கும் இதே எரர். மேலே சொன்ன எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் எச்டிடிபிதான் வருகிறது. என்ஜின்எக்ஸுக்கும் முன்னால் இன்னொரு ப்ராக்ஸியாக கிளவுட்ஃப்ளேர் வைத்திருக்கிறேன்.

கீபோர்டுகுமார்: எந்த எஸ்எஸ்எல் மோடு? ஃப்ளெக்ஸிபிள் என்றால் உங்கள் என்ஜின்எக்ஸுக்கே எச்டிடிபிதான் வரும், டாலர் ஸ்கீமும் அதையேதான் சொல்லும்.